பம்பரகந்தைக்குப் பின்வழியாக

13 ஜனவரி 2024, சனி

இரவு மெயில் ரயிலில் வந்து, விடியும்போது ஒஹியவில் இறங்கினோம். பட்டிப்பொல தாண்டி 6,226 அடி என்று எழுதிய பலகை வரும் இடத்தில் மாமா என்னை உலுப்பி எழுப்பிவிட்டார். இருட்டில் பலகை தெரியவில்லை. "இலங்கையில ரயில் இதுக்கு மேல ஏறாது புள்ள. இனி எறக்கந்தான்" என்றார்.

எங்களோடு இறங்கிய வெள்ளைக்காரர்கள் எல்லோரும் வேன் பிடித்து ஹோர்ட்டன் சமவெளிக்கு மேலே ஏறினார்கள். நாங்கள் பனிஸும் தேத்தண்ணியும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கீழே பம்பரகந்தை அருவிப் பக்கம் திரும்பினோம்.

எதற்காக வந்தோம் என்பதை எழுதிவிடுகிறேன். என் அம்மா பிறந்தது இந்தப் பாதையில். 1966. பாட்டிக்கு வலி கண்டு, தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் முடியாது என்று சொல்லி, இரண்டு மூங்கிலில் கம்பளியைக் கட்டி அதில் கிடத்தி, ராவோடு ராவாகக் கலுபஹன மெயின் ரோட்டுக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். போகும் வழியிலேயே அம்மா பிறந்துவிட்டார். மாமாவுக்கு அப்போது ஒன்பது வயது; லாந்தர் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தவர் அவர். அந்த இடத்தைக் காட்டு என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். முழங்கால் இன்னும் சொன்னபடி கேட்கும்போதே போய்விடலாம் என்று இந்தப் பொங்கல் விடுமுறையில் கிளம்பினார்.

மத்தியானத்துக்குப் பிறகு தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். மாமாவோடு பள்ளிக்கூடம் போன ஒரு அக்காவின் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், இன்று இரவு தங்கல். அடுப்படியில் நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ரொட்டி, கட்டசம்பல், சாயத் தேத்தண்ணி. குளிர் எலும்புக்குள் போகிறது.

14 ஜனவரி, ஞாயிறு

காலையில் அக்கா எங்கள் இருவர் காலிலும் சவர்க்காரத்தைக் குழைத்துப் பூசிவிட்டார், அட்டைக்கு. மழை பெய்து ஓய்ந்த புல்லில் அட்டை நூல் மாதிரி எழுந்து நின்று ஆடும். சவர்க்காரம் பூசியும் மாமாவை மூன்று கடித்தது.

பாதையைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டும். தார் இல்லை. கையால் ஒவ்வொன்றாக நிறுத்திவைத்துப் பதித்த கல். டயர் ஓடும் இரண்டு தடத்திலும் மழைத்தண்ணீர் ஓடி ஓடி மண்ணை அரித்துவிட்டதால், கற்கள் பல் மாதிரி வெளியே நிற்கின்றன. நடுவில் புல். பள்ளத்துப் பக்கம் சீமெந்து இல்லாத கல்லுக்கட்டு; கல்லின் மேல் கல் தன் பாரத்திலேயே நிற்கிறது. மாமா ஓர் இடத்தில் குனிந்து அந்தக் கட்டைத் தடவிப் பார்த்தார். ஒரு கல்லும் அசையவில்லை. பாதை போன கதியிலும் கட்டியவர்கள் கை வேலை நிற்கிறது.

தேயிலை முடிந்ததும் பாதை மலை விளிம்புக்கு வந்து, கொண்டை ஊசி வளைவுகளாகச் சரியத் தொடங்குகிறது. மோட்டார் சைக்கிளில் ஏறி வந்த கொழும்புப் பையன்கள் மூன்று பேர் வளைவில் நின்று மூச்சு வாங்கினார்கள். இந்த இடத்துக்கு டெவில்ஸ் ஸ்டேர்கேஸ், அதாவது சாத்தானின் படிக்கட்டு, என்று பெயர், இதை ஓட்டிப் பார்க்கத்தான் வந்தோம் என்றார்கள். மாமா அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். அவர்கள் போன பிறகு, "நாங்க ரோடுன்னுதான் சொல்லுவோம்" என்றார்.

எனக்கு அது நாள் முழுக்க மனதை விட்டுப் போகவில்லை. இரவு அக்கா சொல்லியிருந்தார்: சுகமில்லாதவரை ஏற்றிக்கொண்டு ஒரு ஆட்டோ ஏறி இறங்கினால், கொழுந்தெடுக்கும் ஒருவரின் 1,000 ரூபாய் நாள் சம்பளம் போதாது, மழை நாளில் காசு கொடுத்தாலும் ஆட்டோ வராது. வழியில் இரண்டு இடத்தில் மண் சரிந்து பாதி ரோட்டை மூடியிருந்தது. இதே ஹல்தும்முல்லைப் பகுதியில்தான் கொஸ்லந்தை மீரியபெத்தையும் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்களோடு சனங்களும் மண்ணுக்குள் போன இடம். அந்தச் சரிவுகளைக் கடக்கும்போது இருவரும் பேசவில்லை.

மாமாவுக்கு வளைவு நினைவில்லை. நினைவிருப்பது சத்தம் மட்டும். "தண்ணி விழுற சத்தம் கேக்க ஆரம்பிச்சிச்சு, அப்பதான் பொம்பளைங்க கம்பளிய எறக்கச் சொன்னாங்க." ஆகவே ஒவ்வொரு வளைவிலும் நின்று காது கொடுத்தோம். ஒரு வளைவில் எனக்குக் கேட்டது; அவருக்குக் கேட்கவில்லை. அடுத்ததில் இருவருக்கும் கேட்டது, ஆனால் காற்று திரும்பியதும் நின்றுவிட்டது. அதற்கும் கீழே ஒன்றில் தெளிவாக, விடாமல் கேட்டது. மாமா அங்கே கல்லுக்கட்டில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, "மேல உள்ளதாவும் இருக்கலாம். மாரி காலம், தண்ணி கூட" என்றார். இரண்டு இடத்தையும் படம் எடுத்துக்கொண்டேன்.

அருவிக்குப் போகும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. பைன் மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. ஊசியிலை மெத்தையில் கால் சத்தமே இல்லை. மரம் விலகியதும் முழு உயரமும் ஒரே பார்வையில் வந்துவிடுகிறது. 263 மீற்றர், இலங்கையின் மிக உயரமான அருவி. அகலமே இல்லை. கரும்பாறையில் ஒட்டி ஒரு வெள்ளைச் சேலைத் தலைப்புத் தொங்குவது போல. ஒரு பிடி தண்ணீரை மட்டும் கண்ணால் பிடித்து மேலிருந்து பின்தொடர்ந்தேன். விளிம்பை விடும்போது கட்டியாக இருக்கிறது. கால்வாசி தூரத்தில் கிழிந்து நூலாகிறது. பாதிக்குக் கீழே புகை. காற்று அந்தப் புகையைப் பாறையிலிருந்து பிரித்து ஒரு பக்கமாகத் தள்ளி, மறுபடி கொண்டுவந்து வைக்கிறது. கீழே நிற்கும் என் முகத்துக்கு வந்தது வெறும் ஈரம்.

பம்பர என்றால் சிங்களத்தில் மலைத்தேனீ, கந்த என்றால் மலை. தேனடை ஒன்றும் எங்கள் கண்ணில் படவில்லை. அருவியாக விழும் இந்தக் குடா ஓயா என்ற ஆறு வளவை கங்கையில் சேர்ந்து, உடவளவைக் குளத்தை நிரப்பி, அம்பலாந்தோட்டையில் கடலுக்குப் போகிறது. அங்கே வயலுக்குப் பாயும் தண்ணீரில் கொஞ்சம் இப்படி விழுந்து போனது.

மாமா குளிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, ஓரத்தில் நின்று காலை நனைத்தார். அட்டை கடித்த இடத்தில் இரத்தம் கரைந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

15 ஜனவரி, திங்கள், தைப்பொங்கல்

நேற்று இருட்டும் நேரம் கலுபஹன சந்திக்கு வந்து பஸ் பிடித்தோம். மெயின் ரோடு கண்ணாடி மாதிரி. வண்டி ஹல்தும்முல்லை தாண்டி ஹப்புத்தளை ஏறும்வரை மாமா தூங்கவில்லை.

இன்று காலை வாசலில் கோலம், பானை பொங்கி வழிந்தது, எல்லாம் ஆன பிறகு அம்மாவிடம் படங்களைக் காட்டினேன். முதலில் மேல் வளைவு, பிறகு கீழ் வளைவு. எது என்று மாமாவிடம் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் படத்தைப் பெரிசாக்கி, அருவி இருக்கும் பக்கத்தை விட்டுக் கீழே ரோட்டுக்கு வந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இன்னும் அதே கல்லுதானா?" என்று கேட்டார்.

"அதே கல்லுதான்" என்றார் மாமா.