மூன்றாம் திகதி வாங்கிய வலை, மார்ச் மாதக் கடன்

வைன் என்ற மென்பொருளைப் போட்டு, சித்தப்பா கடையின் பழைய விண்டோஸ் பில் புரோகிராமை லினக்ஸில் திறக்க எனக்கு ஒரு பின்னேரம்தான் போனது. அது ஒழுங்காக வேலை செய்கிறது என்று சித்தப்பா ஒத்துக்கொள்ள மூன்று கிழமை போனது. இடையில் அவர் ஒரு வாடிக்கையாளரோடு சண்டை பிடித்து, நான் இரண்டு முறை வீணாக ஓட்டோவுக்குக் காசு கொடுத்து, வீட்டில் எல்லோரிடமும் பேச்சு வாங்கியாகிவிட்டது. யாராவது இதே வேலைக்கு இறங்கப் போகிறீர்கள் என்றால் வாசித்துவிட்டு இறங்குங்கள்.

திருகோணமலை மத்திய வீதிப் பக்கம் சித்தப்பாவுக்கு ஒரு கடை இருக்கிறது. வலை, தங்கூசி, நங்கூரக் கயிறு, போட்டுக்கு அடிக்கிற பெயின்ட், இவைதான் வியாபாரம். பாதி வியாபாரம் கடனில் ஓடுகிறது. யார் எப்போது என்ன வாங்கினார், எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் விசுவல் பேசிக் 6 (விபி6) என்ற பழைய புரோகிராம் மொழியில் யாரோ எழுதிக் கொடுத்த ஒரு புரோகிராமுக்குள் இருக்கிறது. எழுதியவர் வெளிநாடு போய்ப் பல வருடம், போன் நம்பரும் வேலை செய்யவில்லை. கொம்பியூட்டர் நான்காம் தலைமுறை ஐ3. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். புதுக் கொம்பியூட்டர் விலையைக் கேட்டுவிட்டு சித்தப்பா பேசாமல் இருந்தார். நான்தான் பெரிய ஆள் மாதிரி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போடுவோம், புரோகிராமை வைனில் ஓட்டலாம் என்றேன். "வைன் ஊத்தினாத்தான் ஓடுமோ?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத மனிதர்.

பழைய ஹார்ட் டிஸ்க் முக்கிக்கொண்டிருந்ததால் எஸ்எஸ்டி மாற்றி மின்ட் போட ஒரு திருத்துகிற கடையில் கொடுத்தோம். பழையதில் இருந்ததை ஒரு பென் டிரைவில் போட்டுத் தரச் சொன்னேன். "எல்லாம் கொப்பி பண்ணியாச்சு அண்ணா" என்று பையன் கொடுத்தான். வீட்டில் வந்து பார்த்தால் உள்ளே டெஸ்க்டொப்பில் இருந்த ஷோர்ட்கட்டும் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருந்த ஒரு ஃபோல்டரும்தான். ஒன்பது வருடக் கணக்கு இருக்கிற எம்டிபி என்ற தரவுத்தளக் கோப்பு சி டிரைவில் வேறெங்கோ தனி ஃபோல்டரில் இருந்திருக்கிறது, அது வரவே இல்லை. திங்கள் தீபாவளி. செவ்வாய் நம்பிப் போனேன், கடை பூட்டு. புதன் திறந்தான், ஆனால் பழைய ஹார்ட் டிஸ்க்கை வேறு ஒரு முதலாளியின் கேமராப் பெட்டிக்குப் போடுவதற்காக எடுத்து வைத்திருந்தான். ஃபோமட் பண்ண இன்னும் அரை மணித்தியாலம் இருந்திருக்கும் போல. கையோடு பிடுங்கிக்கொண்டு வந்தேன். தயவுசெய்து, பழைய டிஸ்க்கை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். புரோகிராம் இருக்கிற இடம் வேறு, அது எழுதுகிற இடம் வேறு. விண்டோஸ் உயிரோடு இருக்கும்போதே புரோகிராமைத் திறந்து ஒரு பில் போட்டுவிட்டு, இன்றைய திகதியில் மாறிய கோப்புகள் எவை என்று தேடிப் பாருங்கள், எங்கே எழுதுகிறது என்று தெரிந்துவிடும்.

வைன் ஏற்றுவது பற்றி எழுத ஒன்றுமில்லை, மின்ட்டின் சொஃப்ட்வெயார் பட்டியலிலேயே இருக்கிறது. நான் விட்ட பிழை, அப்படியே டபிள் கிளிக் பண்ணியது. முதல் முறை ஓடும்போது வைன் வீட்டு ஃபோல்டருக்குள் ஒரு பொய் சி டிரைவை உருவாக்கும், அது 64 பிட்டாக உருவானது. இந்தப் பழைய புரோகிராமுக்கு வேண்டிய எம்டிஏசி 2.8 என்ற தரவுத்தள இணைப்புத் தொகுப்பை, வைனுக்குள் இப்படியான துணைக் கோப்புகளை ஏற்றித் தருகிற வைன்ட்ரிக்ஸ் 64 பிட்டில் போட மாட்டேன் என்றது. ஒருமுறை 64 பிட்டில் பிறந்ததை 32 ஆக மாற்ற முடியாது. தனி ஃபோல்டரில் 32 பிட் என்று சொல்லிப் புதிதாக ஒன்று உருவாக்கி, அதற்குள் விபி6 ரன்டைம், எம்டிஏசி, எம்டிபி கோப்பை வாசிக்கிற ஜெட் 4.0 எல்லாம் வரிசையாக ஏற்றினேன். இடையில் டேட்டா முடிந்து ரீலோட் போட்டது தனிக் கதை. பிறகு, விபி6 புரோகிராமோடு மாரடித்த எல்லோருக்கும் தெரிந்த அந்தச் செய்தி வந்தது: எம்எஸ்கொம்சிடிஎல் ஓசிஎக்ஸ் என்ற துணைக் கோப்பு பதிவாகவில்லையாம். அதுவும் வைன்ட்ரிக்ஸில் இருக்கிறது. போட்டதும் புரோகிராம் திறந்தது, பழைய சாம்பல் நிற ஜன்னல், அதே பிழையான ஸ்பெல்லிங்கோடு.

சாமான் பெயர்கள் மட்டும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தன. பயப்படாதீர்கள், அது பாமினி. யுனிகோட் இல்லாத காலத்து எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வரைந்து வைத்திருப்பார்கள். பழைய டிஸ்க்கில் இருந்து பாமினிக் கோப்பை எடுத்து வைனின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கிற ஃபொன்ட்ஸில் போட்டால் முடிந்தது. ஃபோல்டர் கண்ணில் படவில்லை என்று அலைய வேண்டாம், பெயர் புள்ளியில் தொடங்குவதால் ஒளிந்திருக்கும், கன்ட்ரோலும் எச்சும் அமத்தினால் தெரியும்.

பிரிண்டர்தான் இரண்டு இரவைத் தின்றது. கடையில் இருப்பது யூஎஸ்பி வயர் போட்ட டொட் மேட்ரிக்ஸ். புரோகிராமோ எல்பிடி1 என்ற பழைய போர்ட்டைத் தவிர வேறொன்றையும் அறியாது. விண்டோஸில் யாரோ அதை எல்பிடி1 என்று ஏமாற்றி வைத்திருக்கிறார்கள். வைனிலும் ஏமாற்றலாம். பயனரை, பிரிண்டரைத் தொட உரிமையுள்ள எல்பி குழுவில் சேர்த்து, லொக் அவுட் பண்ணித் திரும்ப வந்து (இதை விட்டுவிட்டுத்தான் ஒரு மணித்தியாலம் முழித்தேன்), வைனின் ரெஜிஸ்ட்ரி என்ற அமைப்புப் பட்டியலில் போர்ட்ஸ் என்ற இடத்தில் எல்பிடி1க்கு நேரே லினக்ஸ் அந்த பிரிண்டருக்குக் கொடுத்திருக்கிற சாதனப் பெயரை எழுத வேண்டும். எழுதினேன், பில் வந்தது. ஒரு சந்தோஷத்தில் மின்ட்டின் பிரிண்டர் செட்டிங்ஸிலும் போய் டெஸ்ட் பேஜ் ஒன்று அடித்துப் பார்த்தேன், அதோடு பில் நின்றுவிட்டது. கப்ஸ் என்கிற லினக்ஸின் அச்சு அமைப்பு பிரிண்டரைத் தன் கைக்குள் எடுத்தால் அந்தச் சாதனப் பெயர் காணாமல் போய்விடுகிறது. இரண்டு பேரும் ஒரே பிரிண்டருக்கு இழுபறிப்பட்டால் எவருக்கும் அச்சு வராது. செட்டிங்ஸில் இருந்து அந்த பிரிண்டரை அழித்து, வயரைக் கழற்றிக் குத்தியதும் சரி.

ஒக்டோபர் 27, 28, 29, 30, நான்கு நாளும் பில் போட்டு, கணக்குப் பார்த்து, பாக்கிப் பட்டியல் எடுத்து, எல்லாம் சுத்தம். நான் உப்புவெளிக்கு வந்து நிம்மதியாகப் படுத்துவிட்டேன்.

நவம்பர் 6, காலையில் சித்தப்பாவின் போன். "என்னடா தம்பி செய்து வச்சிருக்கிறாய்?" திருக்கடலூர் மீனவர் ஒருவர் பெயின்ட் வாங்க வந்திருக்கிறார். இவர் பாக்கிப் பட்டியலைத் திறந்தால், வலை வாங்கின காசு மார்ச் 11இல் இருந்து கட்டவில்லை என்று சிவப்பில் காட்டியிருக்கிறது. கடையில் நாலு பேர் நிற்கும்போதே கேட்டுவிட்டார். அந்த மனிதர், "முதலாளி, நான் போன திங்கள்தானே வாங்கினனான்" என்று சட்டைப் பையில் இருந்து பில்லை எடுத்து விரித்துக் காட்டியிருக்கிறார். பில்லில் 03/11/2025. புரோகிராமுக்குள் மார்ச் மாதம் 11.

விஷயம் இதுதான். மின்ட் போட்ட பையன் மொழியை அமெரிக்க ஆங்கிலம் என்று விட்டிருக்கிறான். வைன் திகதி முறையை லினக்ஸில் இருந்துதான் எடுக்கும், அமெரிக்க முறையில் மாதம் முன்னுக்கு, நாள் பின்னுக்கு. பில்லில் அடிக்கும்போது புரோகிராம் நாள் மாதம் என்று சரியாக எழுதுகிறது, அதே எழுத்தைத் திரும்ப வாசித்துச் சேமிக்கும்போது தலைகீழாக விளங்கிக்கொள்கிறது. ஒக்டோபர் 27இல் ஏன் பிழைக்கவில்லை? 27ஆம் மாதம் என்று ஒன்று இல்லையே. மாதமாக இருக்க முடியாத எண் வந்தால் அதுவே சத்தமில்லாமல் மாற்றி எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் 12 நாள்தான் விஷம். நான் மாதக் கடைசியில் சோதித்துவிட்டுக் கெட்டிக்காரன் என்று நினைத்திருக்கிறேன். எனவே, சோதிக்கும்போது கொம்பியூட்டரின் திகதியை 3ஆம் திகதி, 5ஆம் திகதி என்று மாற்றி வைத்தும் ஒரு பில் போட்டுப் பாருங்கள். தீர்வு ஒரு வரிதான்: பிரிட்டிஷ் ஆங்கில அமைப்பை மின்ட்டில் சேர்த்துவிட்டு, புரோகிராமைத் தொடக்குகிற ஐகனுக்குள் அந்த அமைப்போடு தொடங்கச் சொல்லி எழுத வேண்டும்.

ஆனால் ஏற்கெனவே ஏறிய பில்கள் தாமாக மாறாது. முதலாம் திகதியில் இருந்து 43 பில். பிரதிகளை அடுக்கி வைத்துக்கொண்டு நானும் சித்தியும் இரவு பதினொரு மணி வரை ஒவ்வொன்றாகத் திருத்தினோம். சித்தி வாசித்தார், நான் அடித்தேன். சித்தப்பா பக்கத்தில் இருந்து பெருமூச்சு விட்டார்.

ஒரு நல்லது, வைனின் அந்த ஃபோல்டருக்குள்ளேயே புரோகிராம், கணக்கு, எழுத்துரு எல்லாம் இருப்பதால் முழுதையும் அப்படியே பென் டிரைவில் கொப்பி பண்ணினால் அதுதான் பெக்கப். தினம் கடை பூட்டும்போது சித்தப்பாவே செய்கிறார். பழைய டிஸ்க் அலுமாரியில், துணியால் சுற்றி.

அந்த மீனவருக்குச் சித்தப்பா ஒரு டின் பெயின்ட் சும்மா கொடுத்தார். அதையும் பில் போட்டே தீருவேன் என்று நின்றார். விலை பூச்சியம் என்று அடித்தால் புரோகிராம் ஏற்க மாட்டேன் என்கிறது, அது விண்டோஸிலும் அப்படித்தானாம். ஒரு ரூபாய் போட்டோம்.