பெயர் இல்லாத 5 ரூபாய்

"கண்ணு தெரியல. இதுல என்ன எழுதியிருக்கு, வாசிப்பா" என்று மொய் நோட்டை என் மடியில் வைத்தார்கள் அப்பத்தா.

கானாடுகாத்தான் வீட்டில் தகரப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தோம். அய்யாவின் கையெழுத்து. ஊர், விலாசம், தொகை. 1 ரூபாய்க்கும் ஒரு வரி, 101 ரூபாய்க்கும் ஒரு வரி.

நடுவில் ஒரு வரியில் பெயரே இல்லை. வெறும் 5 ரூபாய். பக்கத்தில் 'விசாரிக்கவும்'.

"யாரு குடுத்தாகன்னு தெரியாம காசு கெடந்தா அய்யாவுக்குத் தூக்கம் வராது. திருப்பிச் செய்யணும்ல?"

திருப்பிச் செய்யணும். அந்த வார்த்தையிலேயே நின்றுவிட்டேன்.

கட்சிகளுக்கு நன்கொடை தர வங்கியில் காசு கட்டி வாங்கும் தாளாக 2018-இல் வந்த தேர்தல் பத்திரத்தில், 1 கோடி ரூபாய்த் தாளிலும் வாங்கியவர் பெயர் இருக்கவில்லை. மூன்றாண்டு சராசரி லாபத்தில் 7.5 சதவீதம்தான் ஒரு கம்பெனி கட்சிகளுக்குத் தரலாம் என்ற வரம்பையும் 2017-லேயே எடுத்துவிட்டார்கள். நஷ்டத்தில் ஓடும் கம்பெனிகூடத் தரலாம் என்றானது.

நஷ்டத்தில் இருப்பவர் எதை எதிர்பார்த்துத் தருவார்? வாங்கிய கட்சி அதை எப்படித் திருப்பிச் செய்யும்? டெண்டரிலா, சட்டத்திலா?

வாக்காளருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்று சொல்லித்தான் 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்தது. மனசு நிறைந்த நாள் அது. ஆனால் அடுத்த தேர்தலுக்கும் பணம் வரும். யார் தந்தது என்று ஓட்டுப் போடுவதற்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும். பிறகு தெரிந்து என்ன செய்ய?

நோட்டை மூடுமுன் அந்த வரியை மறுபடி பார்த்தேன். ஓரத்தில், வேறு மையில், பொடி எழுத்தில் ஒரு விலாசம். தேவகோட்டை.

அய்யா விசாரித்திருக்கிறார்.