சொந்தமாக ஒரு வினைல்: தட்டு ஆலையோடு மல்லுக்கட்டிய கதை

ஒருவழியாகப் பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன. எங்கள் பேண்டின் ஐந்து பாட்டு அடங்கிய வினைல் இசைத்தட்டு: 12 அங்குலம், நிமிடத்துக்கு 45 சுற்று, 300 தட்டுகள், கறுப்பு உறை. சரக்கு கைக்கு வந்துவிட்டதால் இனி பயமில்லாமல் புலம்பலாம். லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) துணை இல்லாமல் தாங்களே தட்டுப் போட நினைக்கும் போஸ்ட்-பங்க் (பங்க் ராக்குக்குப் பின் வந்த ராக் வகை) கூட்டத்தில் யாருக்காவது இந்தப் புலம்பல் உதவும்.

ரெக்கார்டிங்கும் மிக்ஸிங்கும் சுமுகமாக முடிந்தன. முதல் சண்டை எங்களுக்குள்ளேயேதான். ஐந்து பாட்டையும் 7 அங்குலத் தட்டில் அடக்கிவிட்டால் செலவு குறையும் என்று எங்கள் கிட்டார்காரர் ஒற்றைக் காலில் நின்றார். இங்கிலாந்தின் போஸ்ட்-பங்க் பேண்டான ஜாய் டிவிஷன் 1978இல் சொந்தமாகப் போட்ட முதல் தட்டின் கதையைச் சொல்லித்தான் அவரை வழிக்குக் கொண்டுவர முடிந்தது. நான்கு பாட்டை 7 அங்குலத்தில் திணித்தார்கள். ஒலி மோசமாக வந்தது. அதே ஆண்டில் அதையே 12 அங்குலத்தில் மறுபடி போட வேண்டியதாயிற்று. ஒரு பக்கத்தில் நிமிடங்கள் கூடினால் ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், நெருக்கினால் ஒலியளவைக் குறைக்க வேண்டும். அப்போது முதலில் பலியாவது பேஸ், அதாவது கனமான அடி ஒலி. எங்கள் பாட்டில் மெட்டை இழுத்துக்கொண்டு போவதே பேஸ் கிட்டார்தான். அதை வாசிப்பவன் நான். விட்டுவிடுவேனா?

அடுத்தது காகிதம். பாட்டு எங்களுடையது, எழுதியது நாங்கள், பணம் போட்டதும் நாங்கள். ஆனாலும் உரிமைப் பத்திரம் இல்லாமல் ஆலை ஊசியைக்கூட எடுக்காது. அது நியாயம்தான், திருட்டுத் தட்டு அடித்தால் அவர்களும் மாட்டுவார்கள். ஆனால் எங்களுக்கு வாய்த்த அலுவலர் ‘லேபிளிடமிருந்து கடிதம்’ கேட்டார். லேபிளே நாங்கள்தான் என்றால், ‘அப்படியானால் லேபிள் உங்களுக்கு எழுதிய அனுமதிக் கடிதம் வேண்டும்’ என்றார். நாங்களே எங்களுக்கு அனுமதி கொடுத்து, கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். வாங்கிக்கொண்டார்! பிறகு முதல் பாட்டின் தொடக்கத்தில் வரும் அறிவிப்புக் குரல் யாருடையது, எந்த வானொலியிலிருந்து எடுத்தது என்று ஒரு விசாரணை. அது மெகாபோனில் கத்தும் எங்கள் டிரம்மர். அதற்கும் ஒரு கடிதம். கவனிக்க: பேண்டில் யாராவது இசை உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால், பல நாடுகளில் சொந்தப் பாட்டுக்கே சங்கத்தின் உரிமம் கேட்பார்கள். தட்டுக்கு வரிசையில் இடம் பிடிப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

மாஸ்டரிங் (தட்டுக்கு ஏற்றபடி ஒலியைச் சீர்செய்வது) செய்தவர் தங்கமான மனிதர். என் பேஸில் கோரஸ் பெடல் (ஒலியை லேசாக அலையவிட்டுத் தடிமனாக்கும் கருவி) போட்டு ஸ்டீரியோவில் விரித்து வைத்திருந்ததைக் கேட்டதும், அடி அலைவரிசைகளை மோனோவுக்கு, அதாவது இரு பக்கமும் ஒரே ஒலியாக, சுருக்கினார். இடது வலது இரண்டிலும் பேஸ் ஒன்றுக்கொன்று எதிராக அசைந்தால் பள்ளத்தின் ஆழம் கண்டபடி மாறி ஊசி துள்ளிவிடுமாம்.

அதற்குப் பிறகு ஆலையிடமிருந்து பேச்சு மூச்சில்லை. கேட்டபோது ‘லாக்கர் தட்டுப்பாடு’ என்று பதில். லாக்கர் என்பது பாட்டை முதன்முதலில் வெட்டும் பூச்சுத் தட்டு. 2020இல் கலிபோர்னியாவில் அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்தபோது இது உண்மையான காரணம். உலகத்திலேயே லாக்கர் செய்த இடங்கள் இரண்டுதான், அதில் ஒன்று அது. ஆனால் எங்கள் விலைப்பட்டியலில் ‘டிஎம்எம்’ என்று இருந்தது. அதாவது செம்புத் தட்டிலேயே நேரடியாக வெட்டும் முறை. அதற்கு லாக்கரே வேண்டாம்! பட்டியலை இணைத்துப் பணிவாக ஒரு வரி எழுதினேன். இரண்டாம் நாளே வெட்டும் தேதி கிடைத்தது.

இனிதான் விஷயமே. டெஸ்ட் பிரஸ்ஸிங், அதாவது மொத்தமாக அடிப்பதற்கு முன் கேட்டு ஒப்புதல் தர அனுப்பும் மாதிரித் தட்டு, வந்தது. வெள்ளை லேபிள் ஒட்டிய ஐந்து தட்டுகள். ஏ பக்கம் அருமை. பி பக்கத்தின் இரண்டாவது பாட்டில் ‘டிக்... டிக்... டிக்’.

ஆலைக்கு எழுதினேன். பதில்: ‘தூசியாக இருக்கும், துடைத்துப் பாருங்கள்.’ துடைத்தோம். ‘உங்கள் ஊசி பழசாக இருக்கும்.’ நண்பர் வீட்டு டர்ன்டேபிளில் போட்டோம், அங்கேயும் டிக். கடைசியில் வந்த பதில்தான் இன்னும் எரிகிறது: ‘இந்த வகை இசையில் இரைச்சல் இருப்பது இயல்பு. டிரம் மெஷின் ஒலியாகவும் இருக்கலாம்.’ கூடவே, வார இறுதிக்குள் ஒப்புதல் தராவிட்டால் வரிசையில் எங்கள் இடம் போய்விடும் என்று ஒரு மிரட்டல்.

இந்த இடத்தில்தான் பலர் பயந்து ‘சரி’ சொல்லிவிடுகிறார்கள். சொல்லாதீர்கள். ஒப்புதல் கொடுத்த பிறகு 300 தட்டிலும் அந்த டிக் வந்தால் அது உங்கள் டிக்.

நிரூபிப்பது சுலபம். 45 சுற்றுத் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.33 விநாடி, 33⅓ என்றால் 1.8 விநாடி. பி பக்கத்தைக் கணினியில் பதிவு செய்து, அலைவடிவத்தில் ஒரு டிக்கிலிருந்து அடுத்த டிக்குக்கு உள்ள இடைவெளியை அளந்தோம். அச்சு அசலாக 1.33. எங்கள் பாட்டின் வேகமோ நிமிடத்துக்கு 140 தாள அடி. டிக் வருவது நிமிடத்துக்கு 45. தாளத்தோடு சேராமல் நழுவி நழுவிப் போகும் ஒன்று எப்படி டிரம் மெஷினாகும்? ஐந்து தட்டிலும் அதே இடம். ஒரு தட்டில் மட்டும் இருந்தால் அந்தத் தட்டின் கோளாறு என்று விடலாம். எல்லாவற்றிலும் இருந்தால் ஸ்டாம்பரிலோ (தட்டுகளை அடிக்கும் உலோக அச்சு) அதற்கு முந்தைய கட்டத்திலோ காயம். படம், ஒலிக்கோப்பு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் வைத்து, அலுவலரைத் தாண்டித் தயாரிப்புப் பிரிவுக்கும் சேர்த்து அனுப்பினேன்.

ஒரே வரியில் பதில்: ‘ஸ்டாம்பரில் சேதம், புதிதாக எடுக்கிறோம், கட்டணம் இல்லை.’ மன்னிப்பெல்லாம் இல்லை. புதிய டெஸ்ட் தட்டில் பி பக்கம் சுத்தம். அன்று இரவு பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டும்வரை போட்டுக் கேட்டோம்.

இன்னொன்றையும் டெஸ்டிலேயே பாருங்கள். நடுத்துளை மையம் தப்பியிருந்தால் சுருதி அலையும். கிட்டாரில் கோரஸ் இருந்தால் அந்த அலைவு காதுக்குப் பிடிபடாது, எஃபெக்ட் என்றே நினைப்போம். நீண்டு நிற்கும் கீபோர்டு சுரத்தைக் கேளுங்கள், அல்லது ஊசிக்கை ஒவ்வொரு சுற்றிலும் இடதும் வலதுமாக ஆடுகிறதா என்று பாருங்கள்.

உறை பற்றி அதிகமில்லை. வெறும் கறுப்பு மையில் மட்டும் அடித்தால் பெரிய கறுப்புப் பரப்பு சாம்பலாகத் தெரியும்; மற்ற மைகளையும் கலந்து கொடுங்கள். மேட் லேமினேஷன் விரல்ரேகையை அப்படியே காட்டிக்கொடுக்கும், எச்சரிக்கை.

கடைசிப் பில்லையும் வரி விடாமல் படியுங்கள். கேட்ட எண்ணிக்கைக்குப் பத்து சதவீதம் கூடவோ குறையவோ அடித்துவிட்டு, அடித்ததற்குப் பணம் கேட்பது பல ஆலைகளின் வழக்கம், ஒப்பந்தத்திலேயே இருக்கும். எங்களுக்கு எண்ணிக்கை சரியாகவே வந்தது. ஆனால் கீழே ‘இரண்டாம் டெஸ்ட் பிரஸ்ஸிங்’ என்று ஒரு தொகை உட்கார்ந்திருந்தது. ‘கட்டணம் இல்லை’ என்ற அவர்களது வரியை வெட்டி ஒட்டித் திருப்பி அனுப்பினேன். மறுநாள் திருத்திய பில் வந்தது.