டிராலியை எங்கே நிறுத்துவது?

இனப்படுகொலையைப் படமாக்கலாமா கூடாதா என்பது பட்டிமன்றத் தலைப்பு. எடுப்பதென்று முடிவான பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. அது தலைகாட்டுவதும் பெரும்பாலும் காட்சியை ஷாட்களாகப் பிரிக்கும்போதுதான்.

1960இல் வந்த ‘காப்போ’ என்ற இத்தாலியப் படத்தில் நாஜி வதைமுகாம் கைதி ஒருத்தி மின்வேலியில் பாய்ந்து உயிரை விடுகிறாள். உடனே கேமரா டிராலியில், அதாவது உருளும் வண்டியில், முன்னே நகர்ந்து, கீழ்க்கோணத்தில், அவள் கை ஃபிரேமின் மூலையில் கச்சிதமாக அமையும்படி நிற்கிறது. இந்த ஒரு நகர்வுக்காக பிரெஞ்சு விமர்சகர் ஜாக் ரிவெட் 1961இல் ‘கையே து சினிமா’ என்ற திரைப்பட இதழில் இயக்குநரை வெளுத்து வாங்கினார். கொஞ்சம் அதிகமாகவே திட்டினார் என்று தோன்றினாலும், சொன்னது சரிதான். அவள் இறந்தது ஏற்கெனவே தெரிந்துவிட்டது. கேமரா நெருங்கிப் போனதில் பிணம் அழகாகத் தெரிந்தது, வேறெதுவும் கூடவில்லை.

எடிட்டிங் மேசையில் இதைச் சோதித்துவிடலாம். நகர்வை வெட்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள். விஷயம் குறையாமல் அழகு மட்டும் குறைந்தால், வெட்டியது வெட்டியதாகவே இருக்கட்டும். பின்னணி இசைக்கும் இதே சோதனைதான். முதலில் வயலினை மியூட் செய்யுங்கள்.

காட்டாமல் விடுவதும் எளிதல்ல. 2015இல் வந்த ‘சன் ஆஃப் சால்’ படத்தில் 40 மி.மீ. லென்ஸ், அகலம் உயரத்தைப்போல் 1.37 மடங்கே உள்ள குறுகிய ஃபிரேம். நச்சுவாயு அறையின் கதவு மூடியதும் உள்ளிருந்து தட்டும் சத்தம், அலறல். நாம் பார்ப்பது வெளியே நிற்கும் சாலின் முகத்தை; பின்னணி மங்கல். பிணங்களை அப்புறப்படுத்தும் வேலைக்குத் தள்ளப்பட்ட கைதி அவன், பார்க்காமலிருக்கப் பழகிவிட்டவன். அந்த மங்கலுக்கு அதுதான் காரணம். அப்படியொரு காரணம் இல்லாமல் ஃபோகஸை மட்டும் காப்பியடித்தால் அது வெறும் ஸ்டைல்.

ஆவணக் காட்சிகள் என்றால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் வார்சா கெட்டோவில், அதாவது நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த பகுதியில், எடுத்த படச்சுருள்களை நினைவில் வைக்க வேண்டும். 1942 மே மாதம் நாஜிப் படக்குழு எடுத்தவை. பல்லாண்டுகள் அப்படியே சான்றாக எடுத்தாளப்பட்டன. வெட்டி ஒதுக்கிய துண்டுகள் 1998இல் கிடைத்தபோது ஒரே காட்சிக்குப் பல டேக்குகள் தெரிந்தன. நன்றாக உடுத்தியவர்களைப் பிச்சைக்காரர்களைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோகச் சொல்லித் திரும்பத் திரும்ப நடக்க வைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட காட்சியைப் பயன்படுத்தினால், எடுத்தது யார், எதற்காக என்பதைத் திரையில் அது ஓடும்போதே சொல்லிவிட வேண்டும். கடைசி டைட்டிலில் போடுவதை யாரும் படிப்பதில்லை.

கம்போடியாவின் எஸ்-21, பள்ளிக்கூடமாக இருந்து கெமர் ரூஜ் ஆட்சியில் சிறையானது. 12,000க்கும் மேற்பட்டோர் அங்கே அடைக்கப்பட்டார்கள். கம்போடிய இயக்குநர் ரித்தி பான் 2003இல் வெளியிட்ட ஆவணப்படத்தில் முன்னாள் காவலன் ஒருவன் தன் பழைய வேலையை அங்கேயே நடித்துக் காட்டுகிறான். வெற்று அறைக்குள் போகிறான், இல்லாத கைதிகளை அதட்டுகிறான், வெளியே வந்து கதவைச் சாத்துகிறான். கேமரா வாசலிலேயே நிற்கிறது. அவன் பின்னால் போயிருந்தால், விலங்கோடு தரையில் வரிசையாகப் படுத்திருந்தவர்களை அதுவும் மிதித்திருக்கும்.