சத்தம் போடாத கார்களோடு வேலை

தெற்குக் கலிஃபோர்னியாவில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். பழைய அமெரிக்க கார்களின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் பொருத்திக் கொடுப்பது எங்கள் தொழில். 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் வரும், ஐம்பதுகளின் ஷெவர்லே பிக்கப் வரும், நடுநடுவே ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வரும். நான் படித்தது பவர் எலெக்ட்ரானிக்ஸ். வேலைக்குச் சேரும் வரை ஒரு கார்புரேட்டரைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. பட்டறையில் மற்றவர்கள் எல்லோரும் ஹாட் ராட் உலகத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். பழைய காரை வாங்கி, வேண்டாததையெல்லாம் பிய்த்துப் போட்டு, கைக்குக் கிடைத்த பெரிய எஞ்சினை உள்ளே திணித்து ஓட்டுகிற கூட்டம் அது.

இவர்களோடு சண்டை வரப்போவது சத்தத்தில்தான் என்று நினைத்திருந்தேன். கார் கண்காட்சிகளில் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அதைத்தான் சொல்வார்கள்: "வி8 உறுமல் இல்லாமல் இது என்ன ஹாட் ராட்?" (வி8 என்றால் எட்டு சிலிண்டர் எஞ்சின்.) ஆனால் உண்மையிலேயே ஸ்பேனர் பிடித்துக் கை கறுத்தவர்கள் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. அவர்கள் கேட்பது வேறு. "இந்த மோட்டாரை நீயே பிரித்துப் பார்க்க முடியுமா? உன் இஷ்டத்துக்கு மாற்ற முடியுமா? இல்லை, கம்பெனிக்காரன் அனுமதி வேண்டுமா?"

யோசித்துப் பார்த்தால் அந்தக் கேள்விதான் நியாயம். இந்தக் கூட்டம் எந்த எஞ்சின் மேலும் பக்தி வைத்திருந்ததில்லை. 1932-ல் ஃபோர்டு மலிவு விலையில் வி8 எஞ்சின் கொடுத்தது, அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1955-ல் ஷெவர்லேயின் சின்ன வி8 வந்தது. ஃபோர்டு எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு அதை வைத்தார்கள், ஃபோர்டு காருக்குள்ளேயே! உலகப் போர் முடிந்ததும் போர் விமானங்களின் இறக்கைக்கடியில் தொங்கிய உபரி எரிபொருள் தொட்டிகள் மலிவாகக் கிடைத்தன. 1946-ல் பில் பர்க் என்பவர் அப்படி ஒரு தொட்டியைக் காரின் உடலாக்கி, கலிஃபோர்னியாவின் காய்ந்த ஏரிப் படுகையில் ஓட்டினார். காயலான் கடையில் கிடைக்கும் நல்ல சரக்கு எதுவோ அதுதான் ஹாட் ராட். இன்றைக்கு அந்தக் கடையில் கிடைப்பது, விபத்தில் நொறுங்கிய டெஸ்லாவின் பின்பக்க மோட்டார்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கார்புரேட்டரைத் திறந்தால் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது இன்வெர்ட்டர். இந்த மோட்டாரோடு ஒட்டி வரும் இன்வெர்ட்டருக்கு மூளையாக ஒரு சர்க்யூட் போர்டு இருக்கிறது. தன்னுடைய பழைய காரின் மற்றக் கணினிகள் பேசினால்தான் அது வாய் திறக்கும். இல்லையென்றால் பல ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கியது வெறும் அலுமினியக் கட்டி. ஆர்வலர்கள் சிலர் உட்கார்ந்து அந்த மூளையைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் பொருந்தும் வேறு போர்டுகளை வடிவமைத்தார்கள். மென்பொருளையும் எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். எங்கள் முதலாளிக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. முதல் தடவை மடிக்கணினியில் ஒரே ஒரு எண்ணை மாற்றி, ரோட்ஸ்டரின் முடுக்கம் மாறுவதைக் காட்டியபோது அவர் சொன்னார்: "ஓ, இது ஜெட் மாற்றுவது மாதிரிதான்." கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் துளைக்குப் பெயர் ஜெட். அதற்கப்புறம் பட்டறையில் மின் கார் உண்மையான ஹாட் ராடா இல்லையா என்ற விவாதம் எழவே இல்லை.

பட்டறை வேலை வயிற்றுப் பாட்டுக்கு. ஆகஸ்டில் எல்லோரும் கிளம்பிப் போவது யூட்டா மாநிலத்தின் பானவில் உப்பு வெளிக்கு. 1949-லிருந்து அங்கே ஸ்பீட் வீக் என்ற வேக சாதனைக் கூட்டம் நடக்கிறது. எங்கள் பட்டறையின் நண்பர்கள் சிலர் ஒரு சிறிய மின் ஸ்ட்ரீம்லைனர் வைத்திருக்கிறார்கள்; காற்றைக் கிழித்துப் போவதற்கென்றே நீளமாக, ஒல்லியாகக் கட்டிய வண்டி. அதன் பேட்டரி என் பொறுப்பு.

அங்கே போன பிறகுதான் மின் கார்களுக்கும் உப்பு வெளிக்கும் உள்ள பொருத்தம் புரிந்தது. மற்ற எல்லாப் பந்தயத்திலும் பேட்டரியின் எடை சாபம். இங்கே உப்பின் மேல் டயருக்குப் பிடிப்பு குறைவு, எடை அழுத்தினால்தான் பிடிக்கும். பெட்ரோல் கார்க்காரர்கள் ஈயக் கட்டிகளைத் தேடி வாங்கி வண்டிக்குள் அடுக்குவார்கள். எங்களுக்கு அந்தச் செலவு மிச்சம். இன்னொன்று காற்று. அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,200 அடி உயரம். காற்றின் அடர்த்தி எட்டில் ஒரு பங்கு குறைவு, ஆகஸ்ட் வெயிலில் இன்னும் குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்கு மூச்சுத் திணறும். மோட்டாருக்கு மூச்சே தேவையில்லை. ஆனால் காற்றின் எதிர்ப்பு குறைந்த லாபம் மட்டும் அதற்கும் கிடைக்கிறது.

அப்படியானால் எங்கே இடிக்கிறது? சூட்டில்.

நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் பாயும் கால் மைல் 'டிராக்' (drag) பந்தயத்தில் மின் கார்கள் எப்போதோ பேர் வாங்கிவிட்டன. ஆரிகான்காரர் ஜான் வேலேண்ட் 1972 டாட்சன் ஒன்றுக்கு 'வொயிட் ஸாம்பி' என்று பெயர் வைத்து, 2010-ல் கால் மைலை 10.3 விநாடிக்குள் முடித்தார். பார்க்க அது மளிகை வாங்கப் போகிற வண்டி. ஆனால் அங்கே பேட்டரி முழு மின்னோட்டம் கொடுப்பது பத்து விநாடிதான். சூடு ஏறுவதற்குள் பந்தயம் முடிந்துவிடும். உப்பு வெளியில் மைல் கணக்கில், ஒன்றரை நிமிடம் போல, மிதித்த காலை எடுக்காமல் ஓட்ட வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் திறன் எட்டு மடங்கு. அந்தத் திறன் முழுவதும் பேட்டரி வழியாக, கேபிள் வழியாக, ஒவ்வொரு இணைப்புத் தகடு வழியாகவும் போகிறது. சரியாக இறுக்காத ஒரு போல்ட் போதும், தகடு நிறம் மாறிவிடும். எங்கள் வண்டியில் ரேடியேட்டர் கிடையாது, ஒரு தொட்டியில் ஐஸ் தண்ணீர். ஓட்டம் முடிந்து திரும்பி வரும்போது ஐஸ் இருக்காது. வண்டியைத் தயார் செய்யும் இடத்துக்குப் பெயர் பிட். அங்கே என் வேலையில் பாதி, ஐஸ் மூட்டை சுமப்பது. இதற்காகவா முதுகலைப் படிப்பு என்று வீட்டில் கேட்கிறார்கள்.

இந்தச் சூட்டோடு பெரிய அளவில் மல்லுக்கட்டியவர்கள் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள். அவர்களுடைய 'பக்கை புல்லட்' என்ற மின் கார் 2004-லேயே பானவிலில் மணிக்கு 300 மைலைத் தாண்டியது. பிறகு மொனாக்கோவின் வென்டுரி நிறுவனத்தோடு சேர்ந்து விபிபி-3 என்ற வண்டியைக் கட்டினார்கள்: இரண்டு மோட்டார், சுமார் 3,000 குதிரைத்திறன். 2013-ல் மழை ஓடவிடவில்லை. 2014-ல் உப்பு மோசம். மணிக்கு 240 மைலோடு நிறுத்திக்கொண்டார்கள். 2016 செப்டம்பரில் ராஜர் ஷ்ரோயர் ஓட்ட, இரு திசைச் சராசரி மணிக்கு 341 மைல், அதாவது 549 கி.மீ. உலக சாதனைக்கு எதிரெதிர்த் திசைகளில் இரண்டு ஓட்டமும் ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். ஓட்டத்தைவிட அந்த இடைவெளியைத்தான் நான் மதிக்கிறேன். கொதித்துக் கிடக்கும் பேட்டரியை அதற்குள் குளிர வைத்து மறுபடி ஓட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

எங்கள் பட்டறைச் சுவரில் இருக்கும் படம் மட்டும் ஈவா ஹோகன்சனுடையது. ஸ்வீடனிலிருந்து வந்த பொறியாளர். கணவரோடு சேர்ந்து, பெரும்பாலும் தன் கையாலேயே கட்டிய 'கில்லாஜூல்' என்ற சைடுகார் மோட்டார் சைக்கிள் ஸ்ட்ரீம்லைனரில் 2014-ல் மணிக்கு 240 மைலைத் தாண்டினார். பெரிய ஸ்பான்சர் இல்லாமல் இது முடியும் என்று எங்களைப் போன்றவர்களை நம்பவைத்தது அந்த வண்டிதான்.

உப்பு வெளியில் மின்சார வேலை செய்கிறவனுக்கு வேறொரு எதிரியும் உண்டு. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஒரு வருடம் ஓட்டத்துக்கு வரிசையில் நிற்கும்போது காப்புக் கண்காணிப்புக் கருவி அலறியது: உயர் அழுத்த மின்சாரம் வண்டியின் உடலுக்குக் கசிகிறது. மோட்டார் போய்விட்டது என்று ஆளாளுக்கு முகம் தொங்கிப் போயிற்று. வரிசையை விட்டு வெளியே தள்ளிக்கொண்டு வந்து, ஒவ்வொரு பகுதியாகத் துண்டித்து அளந்தோம். கடைசியில் அகப்பட்டது ஒரு கனெக்டர். முந்தைய ஓட்டத்தில் சக்கரம் வாரி அடித்த ஈர உப்பு அதன் ரப்பர் வளையத்தைத் தாண்டிப் போயிருந்தது. காய்ச்சி வடித்த நீரால் கழுவி, உலர்த்தி, கிரீஸ் அடைத்து மாட்டியதும் சரியாகிவிட்டது. பக்கத்து பிட்டில் சிவப்புத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் நடந்ததையெல்லாம் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கு 200 மைலுக்கு மேல் சாதனை வைத்தவர்களின் சங்கத் தொப்பி அது, லேசில் கிடைக்காது. அவர் எழுந்து வந்து, பெட்ரோல் எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவில் உப்பு புகுந்து தானும் ஒருமுறை இப்படியே அல்லாடிய கதையைச் சொன்னார். அடுத்த நாள் எங்கள் ஜெனரேட்டர் மக்கர் செய்தபோது, கேட்காமலே தன்னுடையதைக் கொண்டுவந்து வைத்தார்.

ஆமாம், டீசல் ஜெனரேட்டர். நடு உப்பு வெளியில் மின்கம்பம் ஏது? டீசல் எரித்துத்தான் மின் காருக்குச் சார்ஜ் போடுகிறோம். இதை வைத்து எங்களைக் கிண்டல் செய்யாத ஆள் அங்கே கிடையாது; சிரித்துவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதான். புதுமை என்று பீற்றிக்கொள்ளவும் எங்களுக்கு வழியில்லை. 1899-ல் பாரிஸ் பக்கத்து அஷேர் சாலையில், கமீல் ஜெனாட்ஸி டார்பிடோ வடிவ மின் காரில் மணிக்கு 105.88 கி.மீ. ஓடிவிட்டார். தரையில் 100 கி.மீ. வேகத்தைத் தாண்டிய முதல் கார் அதுதான். 1902-ல் நீராவிக் கார் வந்து முறியடிக்கும் வரை வேக சாதனை மின்சாரத்திடமே இருந்தது.

இப்போது பட்டறையில் நடக்கும் வாக்குவாதம் கியர் பாக்ஸ் பற்றியது. 1934 ஃபோர்டு கூப்பே ஒன்று வந்திருக்கிறது. மின்மோட்டாருக்குக் கியர் மாற்ற வேண்டிய தேவையே இல்லை. பழைய கியர் பாக்ஸை வைத்தால் எடை கூடும், சக்தியும் கொஞ்சம் வீணாகும். இருந்தும் வண்டிக்காரர் கியர் தண்டும் கிளட்சும் கட்டாயம் வேண்டும் என்கிறார். போலி வி8 சத்தம் போடும் ஸ்பீக்கர் வேண்டுமா என்று எங்கள் பையன் ஒருவன் கேட்டதற்கு மட்டும் முறைத்தார். நான் கணக்குப் போட்டு, எத்தனை மைல் தூரம் குறையும் என்று காட்டினேன். முதலாளி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, மோட்டாரைக் கியர் பாக்ஸோடு இணைக்கும் அடாப்டர் தகடு கடையச் சொல்லி ஆர்டர் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை தகடு வருகிறது.