கட்டளையிட முடியாத இடத்தில்

அலுவலகத்தில் மேலாளர் சொன்னால் வேலை நடந்துவிடும். பிடிக்காவிட்டாலும் செய்வோம், சம்பளம் வருகிறது. மாலை நேரங்களில் நான் தன்னார்வலராகப் பங்களிக்கும் டெபியனில் அது செல்லாது. 1993-ல் இயன் மர்டாக் தொடங்கிய இந்த லினக்ஸ் இயங்குதளத்தைப் பல நாட்டு நிரலாளர்கள் சேர்ந்து உருவாக்குகிறார்கள். 1998-ல் ஏற்கப்பட்ட அதன் சாசனத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. எந்த வேலையையும் செய்யும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால், முறைப்படி எடுத்த முடிவை முறியடிக்கவும் யாரும் வேலை செய்யக் கூடாது.

இந்தப் பின்பாதிதான் கடினம். தோற்றவர் எதற்காகக் கட்டுப்பட வேண்டும்? முடிவு வந்த வழி அவர் கண்ணுக்குத் தெரிந்தால்தான் கட்டுப்படுவார்.

2014 பிப்ரவரியில், கணினி இயங்கத் தொடங்கும்போது மற்ற சேவைகளை எழுப்பும் மென்பொருள் எதுவாக இருக்க வேண்டும் என்ற கேள்வி டெபியனின் தொழில்நுட்பக் குழுவில் வாக்கெடுப்புக்கு வந்தது. சிஸ்டம்டி, அப்ஸ்டார்ட் இரண்டும் வாக்கெடுப்பில் சமமாக நின்றன. குழுத் தலைவர் தன் தீர்மான வாக்கால் சிஸ்டம்டியைத் தேர்ந்தார். யார் என்ன வாதிட்டார், எந்தக் காரணத்துக்காக வாக்களித்தார் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது, இன்றும் படிக்கலாம். ஆனாலும் காயம் ஆறவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் குழு உறுப்பினர்கள் சிலர் விலகினார்கள். முடிவை ஏற்காத சிலர் டெவுவான் என்று தனி இயங்குதளமே தொடங்கினார்கள். வெளிப்படைத்தன்மை எல்லோரையும் சேர்த்து வைத்துவிடாது என்பதை அப்போது பார்த்தேன். ஆனால், திரைமறைவில் ஏதோ நடந்துவிட்டது என்ற சந்தேகத்துக்கு அது இடம் தரவில்லை. அதே டிசம்பரில், அதுவரை காலவரையறை இல்லாதிருந்த குழு உறுப்பினர் பதவிக்கு வரம்பு விதித்துப் பொது வாக்கெடுப்பு நிறைவேறியது. எனக்கு அது பெரிய ஆறுதல்.

நான் இருந்த வேறொரு சிறு குழுவில் முக்கியமான முடிவுகள் தொலைபேசி அழைப்பில் நடந்தன. இந்தியாவில் மாலை என்றால் கனடாவில் விடியற்காலை. தூங்கி எழுந்தவருக்கு முடிவு மட்டும் வந்து சேரும், காரணம் வராது. நல்ல முடிவுகளாக இருந்தும், நன்றாக உழைத்த சிலர் சத்தமில்லாமல் ஒதுங்கிவிட்டார்கள். அப்புறம் யாரும் அவர்களைத் திரும்ப அழைக்க முடியவில்லை.

எதையும் மறைக்கக் கூடாதா என்றால், அப்படியும் இல்லை. 2022-ல் டெபியன் தன் பொதுத் தீர்மானங்களில் யார் எப்படி வாக்களித்தார் என்பதை மறைக்க முடிவு செய்தது. தன் வாக்கு சரியாக எண்ணப்பட்டதா என்று ஒவ்வொருவரும் சரிபார்க்க மட்டும் வழி வைத்தது. எனக்கு இது சரியென்றே படுகிறது. பதில் சொல்ல வேண்டியவர் அதிகாரம் வைத்திருப்பவர்தான். சாதாரண வாக்காளர் மிரட்டலுக்குப் பயந்து வாக்களிக்கும்படி ஆகக் கூடாது.

தீராத சிக்கல் நேரம்தான். யாருக்கு நேரம் அதிகமோ அவர் அதிகம் எழுதுகிறார், விவாதம் அவர் பக்கம் சாய்கிறது. அதே 2022-ல் விவாதக் காலத்துக்கும் ஒரு மேல்வரம்பு வைத்தார்கள். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு ஒரு மணி நேரம் மட்டும் உட்காரும் பங்களிப்பாளருக்கு, எந்தத் தேதிக்குள் படித்து வாக்களிக்க வேண்டும் என்பதாவது இப்போது தெரிகிறது.