என் ஹிமாலயனுக்குச் செய்ததும் செய்யாததும்

வண்டியில் புதிதாக எதையாவது மாட்டுவதற்கு முன்னால் எனக்கு நானே கேட்டுக்கொள்வது ஒன்றுதான். கடம்பூர் மலையில் ஏதோ ஒரு பள்ளத்தில் வண்டி சாய்ந்து இது வளைந்துபோனால், கையிலிருக்கும் ஸ்பேனர்களை வைத்து நானே கழற்றிப் பின்னால் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர முடியுமா? முடியும் என்றால் மாட்டுவேன். முடியாது என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

எனக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம். சொட்டுநீர்ப் பாசனம் அமைத்துத் தரும் வேலை. காலையில் கீழ்பவானி வாய்க்கால் மேட்டின் செம்மண் புழுதி, மதியம் மஞ்சள் காட்டுக்குள் டிராக்டர் தடம், அப்புறம் அடிக்கடி பண்ணாரி தாண்டித் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறித் தாளவாடி. மழை நின்ற மாதங்களில் அந்தியூர் வழியாகப் பர்கூர். இந்தத் தடங்களுக்காகவே ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 411 பைக்கை வாங்கினேன், பழைய வண்டியாக. 2016இல் வந்த மாடல் அது. 2023 கடைசியில் அடுத்த மாடலான ஹிமாலயன் 450 வந்ததும் இங்கே 411 விற்பனை நின்றுவிட்டது. அடியில் 220 மில்லிமீட்டர் இடைவெளி, முன்னால் 21 அங்குலச் சக்கரம், ஆயிலாலும் காற்றாலும் குளிரும் ஒற்றைச் சிலிண்டர். ரேடியேட்டர் கிடையாது. டாப்பெட் (வால்வு இடைவெளி) சரிசெய்ய ஒரு திருகும் லாக் நட்டும்தான். வாசலில் உட்கார்ந்து வேலை பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இவ்வளவு இணக்கமான இஞ்சின் அமைவது அபூர்வம்.

எங்கள் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், கருவிகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கிணற்று மோட்டாரைக் கழற்றிப் பேரிங் மாற்றுவதும் டிராக்டருக்கு கிரீஸ் அடிப்பதும் அப்பாவுக்கு வாடிக்கை. கோவைப் பக்கம் எந்தப் பட்டறைக்குப் போனாலும் ஜி.டி. நாயுடுவின் கதையைச் சொல்ல ஒருவர் இருப்பார். 1893இல் கலங்கலில் பிறந்தவர், வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடம் இருந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதை அக்கக்காகக் கழற்றிப் பூட்டித்தான் இயந்திரம் படித்தார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டதெல்லாம் அதற்குப் பிறகு. அவருக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. நமக்கு சர்வீஸ் மேனுவல் இருக்கிறது. எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்கவேண்டும் என்றுகூட அதில் போட்டிருக்கிறது. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கி அதன்படி இறுக்குவதுதான் வீட்டு வேலைக்கு நாம் தரும் முதல் மரியாதை.

சரி, வேலைக்கு வருகிறேன்.

இந்த வண்டியைச் சீக்கிரம் கெடுப்பது புழுதியோ கல்லோ இல்லை, வாட்டர் சர்வீஸ். ஷாம்பு நுரை போட்டு, துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்து நேராகக் கோன் செட்டிலும் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) சக்கரத்து நடுவிலும் பின் ஷாக்கின் லிங்க்கேஜிலும் (ஷாக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டுகள்) தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். மேலே பளபளவென்று ஆகிவிடும். உள்ளே சீலைத் தாண்டிப் போன தண்ணீர் கிரீஸைக் கரைத்து, துருவை வைத்துவிட்டு வரும். அதனால் என் வண்டிக்குத் தோட்டத்து ஓஸ் பைப்பும் வாளியும் துணியும்தான். சேறு காய்ந்திருந்தால் முதலில் நனைத்துவிட்டு, போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து கழுவுவேன். ஊறின சேறு தானாகவே விட்டுவிடும்.

கோன் செட்டைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்பக்கம் யாரையாவது அழுத்தச் சொன்னால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் டக் டக்கென்று ஆட்டம் தெரியக்கூடாது. பிறகு ஹேண்டில்பாரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகத் திருப்ப வேண்டும். நடுவில் ஓரிடத்தில் பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றால் பேரிங்கின் தடம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். மலையில் இறங்கும்போது வண்டி நேராகப் போகாமல் அலைந்தால் டயரைக் குறைசொல்லும் முன் இதைப் பாருங்கள். லிங்க்கேஜைக் கழற்றி கிரீஸ் வைப்பது அரை நாள் வேலை. யாரும் கேட்காமல் எந்த சர்வீஸிலும் செய்ய மாட்டார்கள். மழைக்காலம் முடிந்ததும் வருடத்துக்கு ஒருமுறை நானே செய்துவிடுகிறேன். உள்ளே இருந்து வரும் காவிநிறக் கசடைப் பார்த்தவர்கள் அப்புறம் வாட்டர் சர்வீஸ் கடைப் பக்கம் போகவே மாட்டார்கள்.

செயின் விஷயத்தில் எங்கள் செம்மண்ணுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. ஒட்டிக்கொள்ளும் செயின் ஸ்ப்ரே தார் ரோட்டுக்கு நல்லது. வாய்க்கால் மேட்டில் ஓடும் வண்டிக்கு அதை அடித்தால் பிசினில் புழுதி ஒட்டி, ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரம்) அரம்போல் ராவிவிடும். நான் போடுவது 90 நம்பர் கியர் ஆயில். வண்டி ஓடிவந்து செயின் சூடாக இருக்கும்போதே, உள்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி, கால் மணி நேரம் கழித்துத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுவேன். மேலே ஈரமே தெரியக்கூடாது. சுத்தம் செய்ய மண்ணெண்ணெய், கிடைக்காவிட்டால் டீசல். பெட்ரோல் வேண்டாம். கண்ணிகளுக்கு இடையே இருக்கும் ரப்பர் வளையங்களை அது கெடுத்துவிடும். வளையம் போனால் உள்ளே கம்பெனியில் வைத்து மூடிய கிரீஸும் போய்விடும். அப்புறம் வெளியே எவ்வளவு ஆயில் விட்டாலும் பலனில்லை. இஞ்சினை ஓட விட்டுக்கொண்டு செயினைத் துடைப்பதை மட்டும் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். துணியோடு விரலும் உள்ளே போய்விடும்.

செயின் தொய்வு இன்னொரு பெரிய விஷயம். இந்த வகை வண்டிகளின் பின் சக்கரம் நிறைய மேலேயும் கீழேயும் போய்வரும், 411இல் 180 மில்லிமீட்டர். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கை) அச்சு, பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும் நொடியில்தான் செயின் அதிகபட்சம் இழுபடும். நிற்கும்போது விறைப்பாகக் கட்டிய செயின் அந்த நொடியில் கியர் பாக்ஸ் பேரிங்கைப் பிடித்து இழுக்கும். 100 சிசி வண்டியில் பழகிய கைகள் இதையும் அப்படியே விறைப்பாக இழுத்துக் கட்டிவிடுகின்றன. மேனுவலில் உள்ள தொய்வை வைத்துவிட்டு, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி எந்த இடத்தில் செயின் அதிகம் இறுகுகிறதோ அங்கே அளக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கொஞ்சம் தொய்வாகவே இருக்கட்டும்.

சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிகளை மாதம் ஒருமுறை ஸ்பேனரால் தட்டிக் கேட்கிறேன். இறுக்கமான கம்பி கணீரென்று பேசும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். டியூப் டயர் என்பதால் பஞ்சர் ஒட்டவும் படித்துக்கொண்டேன். வழியில் இருக்கும் பஞ்சர் கடைகளில் 21 அங்குல டியூப் பெரும்பாலும் இருக்காது. ஒன்றைக் கையோடு வைத்திருப்பது நல்லது. டயர் லீவர் போடும்போது பலத்தைவிட இடம்தான் முக்கியம். லீவர் போடும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், டயரின் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் முழங்காலால் அழுத்தி வைத்துக்கொண்டால் இந்தப் பக்கம் சோப்புத் தண்ணீரிலேயே வழுக்கி வந்துவிடும். அதைச் செய்யாமல் பலம் போட்டால் புது டியூபைக் கடித்துவிடும்.

இனி மாற்றங்கள். நான் உயரம் குறைவு, வண்டி இருக்கை 800 மில்லிமீட்டர். லிங்க்கேஜை மாற்றி வண்டியையே தாழ்த்தச் சொன்னார்கள் பலர். செய்யவில்லை. இந்த 220 மில்லிமீட்டருக்காகத்தான் வாங்கினேன், அதையே வெட்டிப்போடுவதா? பின்பக்கம் தாழ்ந்தால் ஹேண்டில் திரும்பும் குணமும் மாறும், சைடு ஸ்டாண்டும் நடு ஸ்டாண்டும் நீளமாகிப்போகும். பதிலாகப் பழைய சீட் ஒன்றைத் தனியாக வாங்கி, ஈரோட்டில் சீட் தைக்கும் கடையில் கொடுத்து, முன்பகுதியின் இரண்டு ஓரத்தையும் சீவச் சொன்னேன். உயரத்தைக் குறைப்பதைவிட அகலத்தைக் குறைத்ததில்தான் கால் தரைக்கு எட்டியது. ஒரிஜினல் சீட் சாளையில் பத்திரமாக இருக்கிறது.

சைடு ஸ்டாண்டுக்கு அகலப் பட்டை வைத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. தண்ணீர் பாய்ந்த காட்டில் ஸ்டாண்டு போட்டால் நம் கண் முன்னாலேயே மண்ணுக்குள் இறங்கி வண்டி சாயும். அட்டையில் வெட்டி அளவு எடுத்துக்கொண்டு லேத்துப் பட்டறைக்குப் போனேன்.

“அம்மிணி, வெல்டு வெச்சுட்டா ஒரே வேலைல முடிஞ்சுருமுங்க” என்றார் பட்டறை அண்ணன்.

“இல்லீங்ணா, போல்ட்டுல புடிக்கிற மாதிரி வேணும். வளைஞ்சா நானே கழட்டோணும்.”

“அப்ப ரெண்டு பட்டையா வெட்டி, ஸ்டாண்டை நடுவுல வெச்சு நெருக்கிக்கலாம். அடியில தலை முட்டாத மாதிரி போல்ட்டுக்குக் குழி போட்டுத் தர்றேன். வெய்யுங்க.”

4 மில்லிமீட்டர் தகடு, ஓரம் மழுக்கியது, அலன் போல்ட்டுகள். நான் வரைந்து கொண்டுபோனதைவிட அவர் சொன்னதுதான் நல்ல யோசனை. கொங்கு நாட்டில் வண்டி வைத்திருப்பதில் எனக்குள்ள பெரிய சந்தோஷமே இதுதான். நாலு தெரு தாண்டினால் ஒரு லேத்தும், இரும்பைப் பற்றி அக்கறையோடு யோசிக்கும் ஒரு மனிதரும் கிடைப்பார்கள். போல்ட் வாங்கும்போது தலையில் 8.8 என்று வலிமைத் தரம் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டை அலுமினியத்துக்குள் வெறுமனே இறுக்கினால் நாளாவட்டத்தில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், கழற்றும்போது மரை சேர்ந்து வந்துவிடும். கொஞ்சம் காப்பர் கிரீஸ் தடவி இறுக்கினால் அந்தத் தொல்லை இல்லை.

கூடுதல் விளக்குகள் இரண்டு வைத்திருக்கிறேன், பனிமூட்டத்துக்காக. ஒவ்வொன்றும் 20 வாட், சேர்த்து 40 வாட், 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர்கூட வராது. பேட்டரி பக்கத்திலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ், அப்புறம் ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), ரிலேவுக்கு சாவி போட்டால் மட்டும் வரும் கரண்ட். வண்டியின் சொந்த வயரில் கத்தி படவே இல்லை. சித்திரை வெயிலில் இன்சுலேஷன் டேப்பின் பசை உருகி வழுகிவிடும் என்பதால் மூட்டுகளுக்கெல்லாம் சூட்டில் சுருங்கும் ரப்பர் குழாய். ஹேண்டில் திரும்பும் இடத்தில் வயருக்குத் தாராளமாக நீளம் விட வேண்டும். இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்த பிறகே கட்டினேன்.

சைலன்சரில் கை வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. சட்டம் இல்லாவிட்டாலும் என் முடிவு இதேதான். பண்ணாரியிலிருந்து மேலே முழுவதும் புலிகள் காப்பகம், வளைவுக்கு அந்தப் பக்கம் குட்டியோடு யானை நிற்கலாம். அங்கே சத்தம் போட நமக்கு உரிமையே இல்லை. அந்தக் காட்டுக்குள் கூடுதல் விளக்குகளையும் அணைத்துவிட்டுத்தான் போகிறேன்.

ஆயில் மாற்றுவதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். 15டபிள்யூ-50 தர ஆயில், வடிகட்டி, புது வாசர், அவ்வளவுதான். பழைய ஆயிலை மட்டும் வாய்க்காலிலோ வேலியோரத்திலோ ஊற்றாதீர்கள். நாம் குடிக்கும் தண்ணீரும் அதே மண்ணுக்குள்ளிருந்துதான் வருகிறது. கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுப்பவர்களிடம் கொடுத்துவிடலாம்.

இப்போது வலது ஃபோர்க்கில் லேசாக ஆயில் கசிகிறது, போனதடவை பர்கூர் சேற்றில் ஓட்டியதிலிருந்து. சீல் கிழிந்துவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பல நேரம் சீலின் உதட்டில் ஒரு மணல் துணுக்குதான் மாட்டியிருக்கும். மேலிருக்கும் புழுதி மூடியை மெதுவாக மேலே தூக்கிவிட்டு, பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் விரலகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, முனையைக் கொக்கிபோல் செதுக்கி, சீலுக்கும் குழாய்க்கும் நடுவே விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால் அழுக்கு வெளியே வந்துவிடும். வழிந்த ஆயில் பிரேக் டிஸ்க்கிலோ பேடிலோ பட்டிருக்கிறதா என்று பார்த்துத் துடைத்த பிறகே வண்டியை வெளியே எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்யப்போகிறேன். மறுபடியும் கசிந்தால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே சீலும் ஃபோர்க் ஆயிலும் வாங்கிவர வேண்டியதுதான்.